பூட்டிய கதவு திறந்துகொள்கிறது, பேட்டரி வடிகிறது: பிசிஎம் மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தேடல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் காரில் ஒரு மாதமாக நான்கு தொல்லைகள் மாறி மாறி வருகின்றன. ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்கிறது. ஆனால் சில நேரங்களில் அடுத்த நொடியே அவை மீண்டும் திறந்துகொள்கின்றன. இரவில் கார் நின்றுகொண்டிருக்கும்போது உள்விளக்கு தானாக எரிந்து, சற்று நேரம் கழித்துத் தானாக அணைவதை இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். தொடர்ந்து இரண்டு இரவு எடுக்காமல் விட்டால் பேட்டரி வடிந்து, ஸ்டார்ட்டர் சுற்ற மறுக்கிறது. நான்காவதாக, இடப்புற இண்டிகேட்டர் வழக்கத்தைவிட இருமடங்கு வேகமாக மினுக்குகிறது.

காரைப் பார்த்த மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். யு0140 என்ற பிழைக்குறியீடு வந்தது. பாடி கண்ட்ரோல் மாட்யூலுடன் (சுருக்கமாக பிசிஎம்; கதவுப் பூட்டு, விளக்கு, வைப்பர் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) தொடர்பு அறுந்தது என்பது அதன் பொருளாம். நான்கு தொல்லைகளும் அந்த ஒரே பெட்டியின் வழியாகத்தான் போகின்றன, குறியீடும் அதையே சொல்கிறது, ஆகவே பெட்டியை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தப் பெட்டி உள்ளே என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்க விரும்புகிறேன். என்னிடம் ஒரு மல்டிமீட்டரும், நிகழ்நேரத் தரவைக் காட்டும் எளிய ஸ்கேனரும் இருக்கின்றன.

மின்தடம் எழுதியது:

மாற்றுவதற்கு முன் கேட்டது மிகவும் நல்லது. பிசிஎம் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாரும் ஒரு மர்மப் பெட்டியை நினைத்துக்கொள்கிறார்கள்; அதன் வேலையைப் பிரித்துப் பார்த்தால் அந்த மர்மம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பழைய கார்களில் உள்விளக்கின் மின்னோட்டம் நேராகக் கதவுச் சுவிட்ச் வழியாகவே ஓடியது. கதவு திறந்தால் சுவிட்ச் இணைந்தது, விளக்கு எரிந்தது. இடையில் யாரும் இல்லை. இன்றைய காரில் அந்தச் சுவிட்ச் விளக்கை எரிப்பதில்லை, பிசிஎம்முக்கு ஒரு செய்தியை மட்டும் சொல்கிறது. கதவு திறந்திருக்கிறது என்ற அந்த ஒரே செய்தியை வைத்துக்கொண்டு, உள்விளக்கை ஏற்றலாமா, கருவிப்பலகையில் எச்சரிக்கை காட்டலாமா, சென்ட்ரல் லாக் கட்டளையை ஏற்கலாமா, தூங்கப் போகலாமா என்று பல முடிவுகளைப் பிசிஎம் எடுக்கிறது. ஒரு செய்தி பொய்யானால் இத்தனை முடிவுகளும் சேர்ந்தே தவறும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பல கார்களில் பிசிஎம்மின் உள்ளீட்டுக் காலில், உள்ளிருந்தே ஒரு மின்தடையின் வழியாகப் பேட்டரி மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கும். சுவிட்ச் இணையாமல் இருக்கும்வரை அந்தக் காலில் கிட்டத்தட்ட 12 வோல்ட் நிற்கும். சுவிட்ச் இணைந்ததும் அந்தக் கம்பி எர்த்துக்குப் போய், மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும். பிசிஎம் பார்ப்பது இந்த ஏற்ற இறக்கத்தை மட்டுமே. அந்தப் பூஜ்யத்தை உண்மையான சுவிட்ச் உண்டாக்கியதா, தோலுரிந்த கம்பி உடலின் இரும்பில் உரசி உண்டாக்கியதா என்று பிரித்தறிய அதற்கு எந்த வழியும் கிடையாது.

இந்த உள்ளீடுகளில் வேண்டுமென்றே சில மில்லிஆம்பியர் முதல் பத்துப் பதினைந்து மில்லிஆம்பியர் வரை மின்னோட்டம் ஓடும்படி வடிவமைத்திருப்பார்கள். சுவிட்சின் தொடுமுனையில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தை அந்த மின்னோட்டம்தான் உடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒட்டிய வைப்பர் தண்டு போன்ற இடங்களில் இன்னொரு முறையும் உண்டு. ஒரே கம்பியில் ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு மின்தடையை இணைத்து, வரும் மின்னழுத்தத்தின் அளவைக் கொண்டே எந்த நிலை என்பதைப் பிசிஎம் கண்டுகொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் கனெக்டரில் சற்றுத் துரு ஏறினால்கூடத் தடை கூடி, மெதுவான வைப்பரைக் கேட்டால் வேகமான வைப்பர் ஓடும்.

உங்கள் நான்கு தொல்லைகளில் முதல் மூன்றும் ஒரே பொய்ச் செய்தியிலிருந்து பிறந்திருக்கக் கூடும் என்பது என் எண்ணம். ஓட்டுநர் கதவு மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாகப் பிசிஎம் நம்பினால் பூட்டு மீண்டும் திறக்கும், உள்விளக்கு எரியும், பேட்டரி வடியும். நான்காவது தனிக் கதை என்று தோன்றுகிறது. இடப்புறம் அண்மையில் ஏதேனும் பல்பு மாற்றினீர்களா?

நிரலோன் எழுதியது:

மின்தடம் ஐயா கம்பியின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். மென்பொருளின் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிசிஎம்மின் உள்ளே மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லு இருக்கிறது. சுவிட்சின் தொடுமுனை இணையும்போது சில மில்லிநொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலை நம்பினால் விளக்கு நடுங்கும். அதனால் ஒரு உள்ளீடு மாறிய பிறகு சில பத்து மில்லிநொடிகள் அதே நிலையில் நின்றால்தான் அந்த மாற்றத்தை மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் முடிவெடுக்கும் விதிகள் ஓடுகின்றன. ரிமோட்டிலிருந்து பூட்டு என்ற கட்டளை வந்து, அதே வேளையில் ஒரு கதவு திறந்திருப்பதாக உள்ளீடு சொன்னால், சாவி உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் பல கார்கள் பூட்டை மறுக்கும், அல்லது பூட்டி உடனே திறந்துவிடும். உங்கள் கதவு திறந்துகொள்வதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். பிசிஎம் தன் விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறது. அதற்குக் கிடைத்த தகவல்தான் தவறு.

பேட்டரி வடிவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் வழிதவறுகிறார்கள். காரை நிறுத்திப் பூட்டியதும் பிசிஎம் உடனே உறங்குவதில்லை. காரிலுள்ள மற்ற மின்னணு அலகுகளோடு பேசி முடித்து, அவை பேசிக்கொள்ளும் கேன் என்ற கம்பி வலையமைப்பு அமைதியான பிறகு, சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் காரின் வகையைப் பொறுத்து உறக்கத்துக்குப் போகும். உறங்கிய காரின் மொத்த மின்னோட்டம் பொதுவாக 20 முதல் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். உறக்கத்திலும் பிசிஎம் முழுதாகக் கண்மூடுவதில்லை. சில பத்து மில்லிநொடிகளுக்கு ஒருமுறை நொடிப்பொழுது விழித்து, உள்ளீடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் மாறவில்லை என்றால் மீண்டும் கண்ணை மூடிக்கொள்ளும். ஏதாவது மாறியிருந்தால் முழுமையாக எழுந்து, வலையமைப்பிலுள்ள மற்றவர்களையும் எழுப்பிவிடும். அப்படி எழுந்த கார் சில ஆம்பியர் வரை இழுக்கும்.

கதவு திறந்தே கிடப்பதாக ஒரு சுவிட்ச் நிலையாகப் பொய் சொன்னால், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பேட்டரியைக் காக்கும் விதி உள்விளக்கை அணைத்து, பிசிஎம்மையும் உறங்க வைத்துவிடும். விட்டுவிட்டுப் பொய் சொல்லும் சுவிட்ச்தான் ஆபத்தானது. ஒவ்வொரு மாற்றமும் புதிய நிகழ்வாகப் பதிவாகி, கணக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி 25 மில்லிஆம்பியரில் தாளின்படி 75 நாள் தாங்கும். சராசரி 3 ஆம்பியரில் 15 மணி நேரம்தான். உங்கள் இரண்டு இரவுக் கணக்கு இந்த இரண்டுக்கும் இடையில், அடிக்கடி எழுப்பப்படும் காரின் கணக்காக இருக்கிறது.

யு0140 பற்றி ஒரு சொல். அந்தக் குறியீட்டைப் பதிவது பிசிஎம் அன்று, அதன் குரல் கேட்காத வேறொரு அலகு. பேட்டரி வடிந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் மின்னழுத்தம் 6 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம். அப்போது பிசிஎம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அந்தச் சில நொடி மௌனத்தை எஞ்சின் அலகு தவறெனக் குறித்துக்கொள்ளும். பேட்டரி இருமுறை வடிந்த காரில் அந்தக் குறியீடு இருப்பது இயல்பு. குறியீட்டை அழித்துவிட்டு, நன்றாகச் சார்ஜ் செய்த பேட்டரியோடு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மீண்டும் வந்தால் பேசுவோம்.

பழைய பட்டறை எழுதியது:

இருவரும் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பிசிஎம் பழுதாவதே இல்லை என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. இருபது ஆண்டுக்கும் மேலாகக் காரின் வயரிங் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பழுதாகத்தான் செய்யும். பெரும்பாலும் தண்ணீரால் சாகும். முன் கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போனாலோ, மேற்கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் இலைக் குப்பையால் அடைபட்டாலோ, மழைநீர் தூணின் உட்புறமாக இறங்கி, டாஷ்போர்டுக்குக் கீழே காலருகில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மேல் சொட்டும். பல கார்களில் பிசிஎம் இருப்பது அங்கேதான். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் கால்களில் பச்சை பூத்திருக்கும். அடுத்தபடியாக, பலகையிலேயே ஈயம் வைத்துப் பொருத்திய ரிலேக்களின் காலில் ஈயம் வெடித்து, காலையில் குளிர்ந்திருக்கும்போது வேலை செய்து மதியம் மறுக்கும்.

அதே போல, பிசிஎம்மின் மூளையே செத்தால் அது தன்னை மறைத்துக்கொள்ளாது. கண்காணிப்புச் சுற்று அதைப் பலமுறை மறுதொடக்கம் செய்து பார்க்கும். முடியவில்லை என்றால் பல வடிவமைப்புகளில் முகப்பு விளக்கின் தாழ்ஒளி தானாக எரிந்து அப்படியே நிற்கும். இரவில் ஓடும் காரின் விளக்கு அணைந்துவிடக் கூடாது என்பதற்காக, மென்பொருளைச் சாராமல் கம்பி அளவிலேயே செய்து வைத்த ஏற்பாடு அது. தேடல் நண்பரின் காரில் வைப்பர், முகப்பு விளக்கு, சன்னல் கண்ணாடி எல்லாம் ஒழுங்காக இயங்குவதாகத் தெரிகிறது. ஆகவே மாற்ற வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

மாற்றுவது என்பதும் கழற்றி மாட்டும் வேலையோடு முடிவதில்லை. ஒரே பலகையைக் குறைந்த வசதியுள்ள வகைக்கும் உயர்ந்த வகைக்கும் பொருத்துவார்கள். இந்தக் காரில் பின் வைப்பர் உண்டா, மூடுபனி விளக்கு உண்டா, தானியங்கி விளக்கு உணரி உண்டா என்பதெல்லாம் அதன் நினைவகத்தில் கோடிங்காக எழுதப்பட்டிருக்கும். வண்டியின் அடையாள எண்ணும், பல கார்களில் இம்மொபிலைசர் (பதிவில்லாத சாவியால் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் ஏற்பாடு) சாவிகளின் பதிவும் அதிலேயே இருக்கும். பழைய காரிலிருந்து கழற்றிய ஒன்றை அப்படியே மாட்டினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அப்படி மாட்டியும் அதே தொல்லை தொடர்ந்து, பிறகு என்னிடம் வந்த கார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

தேடல் எழுதியது:

மிக்க நன்றி. மின்தடம் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், ஆறு வாரங்களுக்கு முன் இடப்புறப் பின் இண்டிகேட்டர் பல்பு எரிந்துபோனதால் அதற்குப் பதிலாக எல்இடி பல்பு மாட்டினேன். வேகமாக மினுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகா என்று இப்போது யோசித்தால், ஆம் என்றுதான் படுகிறது. மற்ற தொல்லைகள் அதற்குச் சற்றுப் பின் வந்ததால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

மின்தடம் எழுதியது:

அப்படியானால் நான்காவதை இப்போதே முடித்துவிடலாம். முன்பு இண்டிகேட்டரை மினுக்க வைத்தது தனியான ஃப்ளாஷர் ரிலே. இப்போது பிசிஎம்மின் உள்ளே இருக்கும் அறிவார்ந்த மின்னணுச் சுவிட்ச் அதைச் செய்கிறது. இது பேட்டரிக்கும் பல்புக்கும் இடையில் உட்கார்ந்து மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதோடு, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்பதை அளந்து மைக்ரோகண்ட்ரோலருக்குச் சொல்லும். குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ, அளவுக்கு மீறிச் சூடேறினாலோ தானே அணைந்துகொள்ளும். இழைப் பல்பு குளிர்ந்திருக்கும்போது ஏற்றினால் முதல் சில மில்லிநொடிகள் வழக்கத்தைப் போலப் பத்து மடங்கு மின்னோட்டம் பாயும். அதைக் குறுக்குச் சுற்று என்று தவறாக எண்ணாத பொறுமையும் இதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும்.

21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி பல்பு அதில் ஒரு சிறு பங்கைத்தான் இழுக்கும். எதிர்பார்க்கும் அளவுக்குக் கீழே மின்னோட்டம் குறைந்ததும், பிசிஎம் பல்பு எரிந்துபோய்விட்டது என்று முடிவு செய்து, ஓட்டுநருக்குத் தெரிவிப்பதற்காக வேகத்தை இரட்டிப்பாக்குகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறையில் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 90 முறை, கூடவோ குறையவோ 30 முறை வரை, மினுக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய துடிப்பு ஒரு பழுதுச் செய்தி. சிலர் 6 ஓம் தடையை இணையாகக் கட்டி ஏமாற்றுவார்கள். எரியும் நேரத்தில் அந்தத் தடை 24 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கக்கும், பிளாஸ்டிக்கைத் தொட்டால் உருக்கிவிடும். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை. பழைய வகைப் பல்பையே மாட்டிவிடுங்கள்.

இந்த மின்னணுச் சுவிட்சுகளைச் சோதிக்கும்போது மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெற்றுக் கனெக்டரில் அளந்தால், சுமை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பிசிஎம் விடும் மெல்லிய மின்னோட்டத்தால், அணைந்த நிலையிலும் சில வோல்ட் காட்டும். சில விளக்குகளை அது நொடிக்கு நூறு, இருநூறு முறை திறந்து மூடி மங்க வைக்கும். அங்கே மீட்டர் காட்டுவது சராசரியை மட்டுமே. துருப்பிடித்த கம்பியிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பை மாட்டினால் எரியாது. அங்கெல்லாம் இழைப் பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்தான் உண்மையைச் சொல்லும். ஆனால் கேன் கம்பியிலோ உணரியின் கம்பியிலோ அதை வைத்துவிடாதீர்கள்.

அலைவரிசை எழுதியது:

கேன் என்ற சொல் வந்ததால் குறுக்கிடுகிறேன். வலையமைப்பையும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில கார்களில் கதவின் செய்தி தனிக் கம்பியில் வராமல், கதவுக்குள்ளேயே இருக்கும் சிறு அலகின் வழியாக வலையமைப்பில் வரும்.

பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன், 1993இல் ஐஎஸ்ஓ 11898 என்ற தரமாயிற்று. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓட விடுவார்கள். யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட் நிற்கும். பேசும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியையும் ஒரே அளவில் தாக்குவதால், இரண்டின் வேறுபாட்டை மட்டும் படிக்கும் அலகுக்கு அது தெரிவதே இல்லை. வைப்பர், மழை உணரி, கண்ணாடி மோட்டார் போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு ஒற்றைக் கம்பி போதும் என்பதால் லின் என்ற எளிய வலையமைப்பு வந்தது. அதன் வேகம் நொடிக்கு 20 கிலோபிட்டுக்கு மேல் போகாது. ஒரு தலைவர் கேட்டால்தான் மற்றவர்கள் பேசுவார்கள். அந்தத் தலைவர் பெரும்பாலும் பிசிஎம்தான்.

கேனின் இரு முனையிலும் 120 ஓம் தடை இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் கால்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யம் வந்தால் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடையில் கேட்வே அலகு (பல வலையமைப்புகளை இணைக்கும் அலகு) உள்ள கார்களில் இந்த அளவீடு அந்தச் சாக்கெட்டுக்குப் போகும் பகுதியை மட்டும் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

தேடல் எழுதியது:

60.4 ஓம் வந்தது. பழைய வகைப் பல்பை மாட்டியதும் இண்டிகேட்டர் சீராகிவிட்டது. குறியீட்டை அழித்து, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தேன். இனி வடிவதை அளக்க வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

நிரலோன் எழுதியது:

ஃபியூஸைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கித் திரும்ப மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்த அலகு புதிதாக மின்சாரம் பெற்று எழுந்துகொள்ளும். எழுந்தது மற்றவர்களையும் எழுப்பும், நீங்கள் தேடிய உறக்கம் கலைந்துவிடும்.

ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவின் பூட்டுக் கொண்டியை ஒரு ஸ்குரூ டிரைவரால் இரண்டு சொடுக்கு கேட்கும்வரை மூடிவிடுங்கள். இப்போது கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது, காருக்கு மூடியிருக்கிறது. முன் மூடியை முன்கூட்டியே திறந்து அதன் கொண்டியையும் இதேபோல் மூடுங்கள். பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றும் முன் இணையாக ஒரு கம்பியைக் கட்டி, மீட்டரைத் தொடரில் பொருத்திய பிறகே அந்த இணைக் கம்பியை எடுங்கள். மின்சாரம் ஒரு கணமும் அறுபடக் கூடாது. மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் அதன் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். ஸ்கேனரைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அதுவே காரை உறங்க விடாமல் வைத்திருக்கும். பிறகு காரைப் பூட்டி, முக்கால் மணி நேரம் தொடாமல் காத்திருங்கள்.

எந்தச் சுற்று இழுக்கிறது என்று அறிய வேண்டுமானால், ஃபியூஸை அதன் இடத்திலேயே விட்டு, மேலே தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட்டில் அளக்க வேண்டும். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் தடை ஏழெட்டு மில்லிஓம் இருக்கும். ஒரு மில்லிவோல்ட் தெரிந்தாலே அதன் வழியே நூறு மில்லிஆம்பியருக்கு மேல் ஓடுகிறது என்று பொருள்.

தேடல் எழுதியது:

நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் 4 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பதினெட்டாவது நிமிடத்தில் 26 மில்லிஆம்பியருக்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒரு மணி நேரம் பார்த்தும் ஏறவில்லை. அப்படியானால் கார் சரியாகத்தானே உறங்குகிறது என்று குழம்பி, மீட்டரைக் கழற்றப் போகும் நேரத்தில் கதவைச் சற்றுத் தள்ளினேன். உடனே உள்விளக்கு எரிந்தது, மீட்டர் 5 ஆம்பியருக்குத் தாவியது. கொண்டியோ மூடியபடியே இருந்தது, அதை நான் தொடவும் இல்லை. மூன்று முறை செய்து பார்த்தேன். கதவைப் பாதியளவு மூடிய நிலைக்குக் கொண்டுபோகும்போது மட்டும்தான் இப்படி நடக்கிறது.

பழைய பட்டறை எழுதியது:

கண்டுபிடித்துவிட்டீர்கள் நண்பரே, எனக்கு மிகவும் மகிழ்ச்சி. கதவுக்கும் தூணுக்கும் இடையே கீலருகில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகும் எல்லாக் கம்பிகளும் அதற்குள்தான் ஓடுகின்றன. ஒரு நாளைக்குப் பத்து முறை என்று வைத்தாலும் எட்டு ஆண்டில் 29,200 முறை அந்தக் கம்பிகள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்ந்திருக்கின்றன. ஓட்டுநர் கதவுதான் எப்போதும் முதலில் போகும்.

உறுதிப்படுத்த ஒரு எளிய வழி. ஸ்கேனரை மாட்டி, நிகழ்நேரத் தரவில் ஓட்டுநர் கதவின் நிலையைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். கொண்டி மூடியிருக்கட்டும். ரப்பர் குழாயை விரல்களால் பிடித்து மெதுவாக வளையுங்கள். மூடியது என்பது திறந்தது என்று மாறினால் பிசிஎம் தான் கண்டதை உங்களிடம் சொல்லிவிட்டது என்று பொருள். அதே ஸ்கேனரில் இயக்கிப் பார்க்கும் சோதனை இருந்தால், சுவிட்சைத் தொடாமல் பூட்டை மட்டும் இயக்கச் சொல்லுங்கள். அது ஒழுங்காகப் பூட்டித் திறந்தால் வெளியீட்டுப் பக்கமும் மோட்டாரும் நலம். பழுதை உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் என்று இரண்டாக வெட்டிப் பார்க்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. ஸ்கேனர் கையில் இருந்தும் குறியீட்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் இன்று நம் வேலையில் பரவியிருக்கும் பெருங்குறை.

தேடல் எழுதியது:

இயக்கச் சோதனையில் பூட்டு பத்து முறையும் ஒழுங்காக வேலை செய்தது. குழாயை வளைத்தபோது திரையில் நிலை மாறி மாறித் துடித்தது. தூணின் பக்கத்துப் பிடிப்பிலிருந்து குழாயை வெளியே இழுத்துப் பார்த்தேன். பழுப்புக் கோடு போட்ட மெல்லிய சாம்பல் நிறக் கம்பியின் தோல் ஒரு விரல்நக அகலத்துக்கு உரிந்து, உள்ளே செம்பிழைகளில் பாதி அறுந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதை ஒட்டி ஓடும் தடித்த பழுப்புக் கம்பியின் தோலும் அதே இடத்தில் வெடித்திருக்கிறது. வயரிங் படத்தில் பார்த்தால் முதலாவது கதவுச் சுவிட்சின் கம்பி, இரண்டாவது கதவின் எர்த். இரண்டும் தொடும்போதெல்லாம் என் கார் கதவு திறந்துவிட்டதாக நம்பியிருக்கிறது. இப்போதைக்கு இரண்டையும் பிரித்துக் காப்புநாடா சுற்றியிருக்கிறேன்; மூன்று இரவு ஆகியும் பேட்டரி 12.6 வோல்ட்டில் நிற்கிறது. முறையாகச் சரிசெய்ய ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

மின்தடம் எழுதியது:

வளையும் இடத்தில் ஈயம் வைக்காதீர்கள். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஊறி, கம்பியை ஒரு விறைத்த குச்சியாக மாற்றிவிடும். அந்த விறைப்பு முடியும் புள்ளியில் சில மாதங்களிலேயே மீண்டும் அறும். பழுதான பகுதியை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய பல இழைகள் கொண்ட வளைதிறன் மிக்க கம்பியை அதே தடிமனில் புதிதாகச் சேருங்கள். ஒட்டுகள் இரண்டும் ரப்பர் குழாய்க்கு வெளியே, ஒன்று தூணின் உள்ளேயும் மற்றொன்று கதவின் உள்ளேயும் வருமாறு நீளம் விட்டு, சரியான அளவு கிரிம்ப் குழலால் இறுக்கி, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். இரண்டு கம்பிகளின் ஒட்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி வையுங்கள். குழாய்க்குள் இருக்கும் மற்றக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், ஏனென்றால் அவையும் அதே 29,200 முறை வளைந்தவைதான். சன்னல் மோட்டாரின் கம்பி அவற்றில் தடித்தது. அதன் தோல் வெடித்து இரும்பைத் தொட்டால் பிசிஎம் எழுந்துகொள்வதோடு நிற்காது, ஃபியூஸ் போகும்.

தேடல் எழுதியது:

சன்னல் மோட்டாரின் கம்பியிலும் ஒரு வெடிப்பு இருக்கிறது. மூன்று கம்பிகளையும் நீங்கள் சொன்னபடி நாளைக் காலையில் மாற்றப் போகிறேன். வேலை முடிந்ததும் குழாயை வளைத்து, ஸ்கேனர் திரையில் கதவு நிலை அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.